மலையேறி வரும் எண்ணெய்

கோத்தகிரியில் எங்கள் தெருவுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்குவோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். எஸ்டேட் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் அண்ணன், ஜீப் ஓட்டும் இரண்டு தம்பிகள், நான். கையுறை, சாக்கு, ஒரு நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான் எங்கள் தளவாடம். பொறுக்கியதைத் தார்ப்பாயில் கொட்டிப் பரப்பி ரகம் ரகமாகப் பிரிப்போம். போன மழைக்கு முன்னால் எடுத்த நான்கு சாக்கில் பாலித்தீன் கேரி பேக் இரண்டோ மூன்றோதான் இருந்தது. தண்ணீர் பாட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மிச்சமெல்லாம் பாக்கெட். சிப்ஸ், பிஸ்கட், அஞ்சு ரூபாய் முறுக்கு, ஒரு ரூபாய் ஷாம்பு, பாக்குத் தூள்.

ஒரு சிப்ஸ் பாக்கெட்டை வெட்டி, ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தோம். வெளியே அச்சு ஏறிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், நடுவே வெள்ளிப் பூச்சு, உள்ளே இன்னொரு தாள். மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தன. தண்ணீரில் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாது. ஆனால் விலை, தேதி, கம்பெனி முகவரி எல்லாம் புதிதாக அச்சடித்த மாதிரி இருந்தன. முகவரியை நான் வாய்விட்டுப் படித்ததும் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், அட்ரஸ் இருக்குல்ல, அப்ப அவங்கதானே வந்து எடுக்கணும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். நீலகிரியின் பிளாஸ்டிக் தடையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுத்தம், சுற்றுலாப் பயணிகளின் ஒழுக்கம், அபராதம் என்றே பேச்சு போகிறது. கால் நூற்றாண்டாக இந்த மலைக்காரர்கள் மல்லுக்கு நிற்பது உண்மையில் எண்ணெய்த் தொழிலோடு என்பதுதான் என் எண்ணம். அப்படிப் பார்த்தால்தான் எங்கே ஜெயித்தோம், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பது பிடிபடும்.

பிளாஸ்டிக்குக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசலோடு நாப்தா என்றொரு பொருளும் பிரிகிறது. நாப்தாவையோ இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கும் ஈத்தேனையோ கடும் வெப்பத்தில் உடைத்தால் எத்திலீன் வாயு வரும். எத்திலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலித்தீன். அது அரிசி போன்ற குருணையாக மூட்டையில் ஏறி, தாளாகவும் பையாகவும் மூடியாகவும் மாறுகிறது. உலகில் தயாராகும் பிளாஸ்டிக்கில் 99 சதவீதத்துக்கு மூலப்பொருள் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிதான். எங்கள் ஓடையில் கிடந்த பாக்கெட் எங்கோ ஒரு கிணற்றிலிருந்து வந்த எண்ணெய். மேட்டுப்பாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, உள்ளே இருபது கிராம் உருளைக்கிழங்கோடு வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணெய்த் தொழிலுக்கு இந்தப் பாக்கெட் ஏன் முக்கியம்? பேருந்தும் காரும் மின்சாரத்துக்கு மாற மாற, பெட்ரோல், டீசல் விற்பனை என்றைக்காவது இறங்கும். அது அந்தத் தொழிலுக்கு நன்றாகவே தெரியும். 2030 வரை எண்ணெய்த் தேவையில் கூடப்போகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோ ரசாயனங்களால்தான் இருக்கும், 2050 வரை பார்த்தால் ஏறக்குறைய பாதி என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் கணக்கிட்டது. வண்டியில் இழக்கும் சந்தையைப் பாக்கெட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அர்த்தம். 2019இல் உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 46 கோடி டன். கழிவாகும் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆவது 9 சதவீதம்தான்.

மலையில் தடை முளைத்த கதை பழையது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு தொடங்கிய ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ இயக்கத்தை இங்கே நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓடைகளில் அடைத்துக் கிடந்த பாலித்தீனை வாரி எடுத்த பிறகுதான் பல இடங்களில் ஊற்றுக்கண் மறுபடி தெரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மகளிர் குழுக்கள் துணிப்பை தைத்தன. பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். ஆட்சியர்கள் வந்தார்கள், போனார்கள். மலையில் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. தமிழ்நாடு முழுக்க 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. அதற்குள் நீலகிரியில் கேரி பேக் இல்லாமல் கடைக்குப் போய் வளர்ந்த ஒரு தலைமுறையே இருந்தது. தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

அடுத்தது தண்ணீர் பாட்டில். 2019 ஆகஸ்ட் 15 முதல் மாவட்டத்தில் பாட்டில் தண்ணீர் விற்கக் கூடாது என்று வந்தது. சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். இதில் குறை சொல்ல நிறைய உண்டு. பல இயந்திரங்கள் சீசன் நேரத்தில்தான் பழுதாகி நிற்கும். ஆனாலும் இதை நான் பெரிய வெற்றியாகவே பார்க்கிறேன். குப்பையைப் பொறுக்குவதை விட்டுவிட்டு, பொருள் மலைக்குள் வருவதையே நிறுத்திய முடிவு இது. குஞ்சப்பனை, பர்லியார், கக்கநல்லா, நாடுகாணி என்று சோதனைச்சாவடிகளில் வண்டியை நிறுத்தி பாட்டிலை வாங்கி வைக்கிறார்கள். மே மாதத்தில் குஞ்சப்பனையில் நானும் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். குழந்தைக்கு வாங்கியது என்று கெஞ்சுவார்கள், சிலர் சீட்டுக்கு அடியில் ஒளிப்பார்கள், சிலர் ஏசுவார்கள். மாலைக்குள் சாவடிக்குப் பின்னால் சேரும் மூட்டைகளைப் பார்த்தால், இவ்வளவும் ஒரே நாளில் காட்டுக்குள் போயிருக்கும் என்று நெஞ்சு பதறும்.

மூன்றாவது வெற்றி டாஸ்மாக் பாட்டில். உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, காலிப் பாட்டில் திரும்பி வந்தால் பத்து ரூபாயைக் கொடு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. குடிப்பவர் ஒழுக்கத்தை யாரும் மாற்றவில்லை. வீசினால் பத்து ரூபாய் போகும், யாராவது பொறுக்கினால் பத்து ரூபாய் வரும் என்று ஆக்கினார்கள், அவ்வளவுதான். இது ஏன் இவ்வளவு லேசாக நடந்தது? விற்பவர் அரசே. ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

பாக்கெட்டுக்கு ஏன் அப்படி ஓர் உத்தரவு வரவில்லை? எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

2016இல் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வரி இருந்தது: மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கைத் தயாரிப்பதும் பயன்படுத்துவதும் இரண்டு ஆண்டுகளில் கைவிடப்பட வேண்டும். நாங்கள் நகத்தால் பிரித்துப் பார்த்த அந்த மூன்று அடுக்குப் பாக்கெட்டைத்தான் அந்த வரி சொல்கிறது. அதன்படி 2018க்குப் பிறகு அது எங்கள் ஓடைக்கு வந்திருக்கவே கூடாது. சரியாக அந்த இரண்டாண்டுக் கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச்சில், விதி திருத்தப்பட்டது. “மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாத, அல்லது வேறு பயன் இல்லாத” பல அடுக்குப் பிளாஸ்டிக் மட்டும் கைவிடப்பட வேண்டும் என்று மாற்றினார்கள். எண்ணெயிலிருந்து செய்த பொருள் எரியாமல் என்ன செய்யும்? அந்தச் சில சொற்களோடு பாக்கெட் மொத்தமும் தப்பித்துக்கொண்டது.

2022 ஜூலை 1 அன்று நாடு முழுக்க வந்த தடையைப் பாருங்கள். காது குடையும் குச்சி, பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, தட்டு, டம்ளர், ஸ்பூன், உறிஞ்சுகுழல். பெரும்பாலும் சிறு பட்டறைகள் செய்யும் சாமான்கள். ஊரெல்லாம் குப்பையாகக் கிடக்கும் பாக்கெட்டும் பாட்டிலும் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டு ஆணையிலும் முதலில் ஆலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு விலக்கு இருந்தது. 2020 ஜூனில் மாநில அரசு அந்த விலக்கை நீக்கியது. காகிதத்தில் நீக்கியாகிவிட்டது. கடையில் சரம் சரமாகத் தொங்குவது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருமுறை அபராத ரசீதை என்னிடம் காட்டினார். பார்சல் கட்ட வைத்திருந்த மெல்லிய கவர் ஒரு கட்டு பிடிபட்டதற்கான ரசீது. “டீச்சரம்மா, கவர் வெச்சது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா இதோ தலைக்கு மேல தொங்குதே, இதுக்கு யாரு ஃபைன் போடுவா? அவன் அனுப்புறான், நான் மாட்டுறேன். வேற மாதிரி அனுப்புன்னு நான் சொன்னா கேப்பானா?” அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குற்றத்தைக் கீழே தள்ளிவிடும் இந்த வேலை பழைய வித்தை. 1953இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம், திருப்பித் தர முடியாத பீர் பாட்டில்களை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எங்கள் டாஸ்மாக் திட்டத்துக்கு எழுபது ஆண்டு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அதே ஆண்டு டப்பா, பாட்டில் தயாரிக்கும் நிறுவனங்கள் சேர்ந்து ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கின. குப்பை போடாதே, குப்பை போடுகிறவன்தான் குற்றவாளி என்பது அதன் பிரச்சாரம். வெர்மாண்ட் சட்டம் சில ஆண்டுகளில் காலாவதியானது. பிரச்சாரம் உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர்ச் சுவர்களில் “குப்பையைத் தொட்டியில் போடுங்கள்” என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது அதுவே ஞாபகம் வருகிறது. தொட்டியில் போடத்தான் வேண்டும், நானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் தொட்டிக்குப் போன பாக்கெட் அப்புறம் எங்கே போகிறது?

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் போய்ப் பார்த்தால் தெரியும். முன்பு குப்பை மேடாக இருந்த இடத்தை ‘கிளீன் குன்னூர்’ அமைப்பினர் நகராட்சியோடு சேர்ந்து தரம் பிரிக்கும் மையமாக மாற்றியிருக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் அட்டை, பாட்டில், தகரம் என்று கையால் பிரித்து விலைக்குப் போடுகிறார்கள். பல அடுக்குப் பாக்கெட்டை மட்டும் எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்க மாட்டார். ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வெப்பத்தில் உருகும் என்பதால் உருக்கி இன்னொன்றாக வார்க்க வழியில்லை. அதை அழுத்திக் கட்டி, லாரியில் ஏற்றி, சமவெளியிலுள்ள சிமெண்ட் ஆலைக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே நிலக்கரியோடு சேர்த்துச் சூளையில் போடுவார்கள். கிணற்றிலிருந்து வந்த எண்ணெய் ஒரு மணி நேரம் சிப்ஸைச் சுமந்துவிட்டுக் கடைசியில் எண்ணெயாகவே எரிகிறது. “ஆற்றல் எடுக்கலாம்” என்று 2018 திருத்தம் சொன்னது இதைத்தான். லாரி வாடகை நம் வரிப்பணம், பிரிக்கும் கூலி நம் ஊர்ப் பெண்களின் முதுகு.

எரிந்ததும் கதை முடிவதில்லை. அந்தப் புகை வேறு வழியாக மலைக்குத் திரும்புகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில் மலையே இறங்கியபோது, அந்த மழையைக் காலநிலை மாற்றம் சுமார் 10 சதவீதம் கனமாக்கியது என்று விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்கிட்டது. நிலச்சரிவுக்குச் சரிவில் கட்டிய கட்டடமும் காரணம், வெட்டிய சாலையும் காரணம், பாக்கெட் அடைத்த வாய்க்காலும் காரணம். எல்லாவற்றையும் எண்ணெயின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் மழை கனத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

இதே தொழிலோடு கிணற்றுப் பக்கம் நின்று போராடியவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். எங்கள் ஓடை இறங்கிப் பவானியில் சேரும், பவானி கூடுதுறையில் காவிரியில் சேரும், காவிரி போய்ப் பாய்வது டெல்டா. 2011இல் ஒப்பந்தம் போட்ட மீத்தேன் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அங்கே ஊர் ஊராகப் போனார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே, காலமானார். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் எழுந்தது. மரத்தடியில் சமையல் நடந்தது, பெண்களும் பிள்ளைகளும் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் 2023இல் டெல்டா நிலக்கரிப் படுகைகள் ஏலப் பட்டியலில் வந்தபோது, ஒரு வாரம் பத்து நாள் எதிர்ப்பிலேயே அந்தப் பகுதிகளைப் பட்டியலிலிருந்து எடுக்க முடிந்தது.

அவர்களுக்கு இருந்த ஒன்று எங்களுக்கு இல்லை. அங்கே எதிரி ஓரிடத்தில் நிற்கிறான். குழாய் இறக்கும் வயல் இது, அதன் சொந்தக்காரர் இவர், சுற்றியுள்ள ஊர் இது என்று கைகாட்டலாம். பாக்கெட் அப்படியில்லை. ஆயிரம் கடையில் தொங்குகிறது, லட்சம் கையில் போகிறது, காற்றில் பறக்கிறது. யாரைப் போய் மறிப்பது? அதனால்தான் கோபம் கையில் கிடைத்தவர்மேல் திரும்புகிறது. ஒருநாள் பெட்டிக்கடைக்காரர், மறுநாள் பயணி, இன்னொரு நாள் குப்பை எடுக்க வராத பணியாளர்.

மேல்மட்டத்தில் யார் குரல் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மாசுக்கு ஓர் உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் ஐ.நா. முடிவெடுத்தது. 2024 இறுதியில் அந்த ஒப்பந்தத்துக்காகத் தென் கொரியாவின் பூசானில் கூடியபோது நூறுக்கு மேற்பட்ட நாடுகள் உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றன. எண்ணெய் வள நாடுகள் மறுத்தன. அந்தக் கூட்டத்துக்கு எண்ணெய், ரசாயனத் தொழில்களின் ஆட்கள் 220 பேர் பதிவு செய்து வந்திருந்ததாக ஒரு சுற்றுச்சூழல் சட்ட அமைப்பு எண்ணிச் சொன்னது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் ஒப்பந்தம் ஆகவில்லை. உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டாம் என்பதே இந்தியாவின் நிலையும். வளரும் நாடு, தொழில் வேண்டும் என்கிறார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுத்தார்களே, அந்தக் கணக்கு எந்தத் தொழில் வளர்ச்சியில் கழிக்கப்படும்?

இவ்வளவு பெரிய எதிரியிடம் ஒரு ஓடைக்காரக் கூட்டம் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பார்கள். எண்ண முடியும். எந்தக் கம்பெனி, எத்தனை பாக்கெட் என்று பெயர் சொல்லி எண்ணுவது. இமயமலை மாநிலங்களில் 2018 முதல் ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சேகரித்து, பிரித்து, கம்பெனி வாரியாக எண்ணி வெளியிடுகிறார்கள். அங்கேயும் பெரும்பகுதி தின்பண்டப் பாக்கெட்தான். உலகின் 84 நாடுகளில் ஐந்து ஆண்டுகள் தன்னார்வலர்கள் இதே போலப் பொறுக்கி எண்ணியதை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. பெயர் தெரிந்த குப்பையில் பாதிக்கு மேல் வெறும் 56 நிறுவனங்களுடையது. எங்கோ சிதறிக் கிடப்பதாகத் தோன்றிய எதிரியை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார வைத்துவிடலாம் என்று ஆகிவிட்டது. இதைச் செய்தது எந்த அரசும் அல்ல, சாக்கும் தார்ப்பாயும் வைத்திருந்தவர்கள்.

எண்ணியதைச் சட்டத்தோடு சேர்க்கவும் வழி இருக்கிறது. 2022 முதல் தயாரிப்பாளர்களுக்குக் கழிவைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு விதியாகவே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் தங்கள் பாக்கெட்டைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. எங்கோ யாரோ அவ்வளவு எடையை மறுசுழற்சி செய்தார் என்ற சான்றிதழை விலைக்கு வாங்கினால் போதும். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. கோத்தகிரி ஓடையில் கிடப்பது கணக்கில் குஜராத்திலேயே உருகி முடிந்துவிட்டிருக்கலாம். அதனால்தான் மலைக்கு எனத் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன். இந்த மாவட்டத்துக்குள் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டாஸ்மாக் பாட்டில் போல ஒரு பிணைத்தொகை. இல்லாவிட்டால் பிரித்து உருக்கக்கூடிய ஒரே அடுக்கு உறை. அதுவும் முடியாது என்றால் மலைக்கு வராதே. பாட்டிலுக்குச் சொல்ல முடிந்தது, பாக்கெட்டுக்கு ஏன் முடியாது? இங்கே வர்க்கி இன்றைக்கும் தகர டின்னிலிருந்து எடுத்துக் காகிதத்தில் மடித்துத்தான் பல கடைகளில் விற்கிறது. அது நமத்துப் போய் யாரும் தின்னாமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2018இல் தூத்துக்குடியில் ஒரு பள்ளியின் மாணவிகள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலி உறைகளைச் சேர்த்து, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதைப் போஸ்ட்மேன் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். தார்ப்பாயில் பிரித்ததில் ஒரே கம்பெனியின் பாக்கெட்டுகளை மட்டும் எடுத்து, குழாயடியில் கழுவி, எங்கள் மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட்டோம். பழைய மாவுப் பையில் போட்டுத் தைத்தோம். உள்ளே ஒரு கடிதமும் வைத்தோம்: எந்த ஓடை, என்ன தேதி, எத்தனை பாக்கெட், இனி எப்படி அனுப்பப் போகிறீர்கள் என்ற கேள்வி.

தபால் ஆபீஸில் கவுண்டரில் இருந்த பெண் பையைத் தராசில் வைத்தார். “உள்ள என்னக்கா?”

“காலி பாக்கெட்மா.”

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பெறுநர் முகவரியை அந்தப் பையன்தான் எழுதியிருந்தான், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, பின்கோடு வரைக்கும்.